இரு துண்டுப் பாணின் நடுவே

யாழ்ப்பாணப் பட்டினத்து உணவுச்சாலைகளிலே ‘சாண்ட்விச்’ என்னும் பண்டம் இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. மானிப்பாயிலிருந்து ஆனைக்கோட்டை வழியாகப் பட்டினம் போய்வரும் மாணவரும் உத்தியோகத்தரும், பிட்டு, இடியப்பம் என்பவற்றின் பெயர்களைச் சொல்வதுபோலவே அதன் பெயரையும் இயல்பாகச் சொல்லுகிறார்கள். வீட்டிலுள்ள மூத்தோர் மாத்திரம், “பாணும் வீட்டில் இருக்கிறது, முட்டையும் வீட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாய் அடுக்கித் தருவதற்குக் கடைக்காரனுக்கு இவ்வளவு காசா?” என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு பண்டத்தை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிப்பதற்கு முன், அது எங்கிருந்து வந்தது, எவ்வழியாக வந்தது என்று அறிந்துகொள்வது முறை. சாண்ட்விச்சின் பூர்வீகத்தை ஆராயப் புகுந்தால், நம்முடைய ஊரின் கதையும் அதனுள்ளே அகப்படுகிறது.

ஒரு பிரபுவின் பெயர்

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ற் பகுதியில் சாண்ட்விச் என்றொரு பழைய துறைமுகப் பட்டினம் உண்டு. மணற்பாங்கான இடத்திலே தோன்றிய வணிகத்தலம் என்பது அப்பெயரின் பொருள். அவ்வூரின் பெயரைத் தம் பட்டமாகக் கொண்ட பிரபுக்களில் நான்காமவர் ஜோன் மொன்றேகு என்பவர். 1718ஆம் ஆண்டு பிறந்து 1792ஆம் ஆண்டு மறைந்த இவர், பிரித்தானியக் கடற்படை நிர்வாகத்தின் தலைமைப் பதவியை மூன்றுமுறை வகித்தவர்.

சூதாட்ட மேசையை விட்டு எழுந்திருக்க மனமின்றி, இரு துண்டுப் பாணுக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரும்படி இப்பிரபு ஏவினார் என்று லண்டனுக்கு வந்த பிரெஞ்சுப் பிரயாணி ஒருவர் எழுதிவைத்தார். சூது மேசையன்று, அலுவலக மேசையே அவரை எழவிடாமற் பிடித்துவைத்தது என்பது பிற்காலத்தில் அவருடைய சரித்திரத்தை ஆராய்ந்தோர் கருத்து. எது எவ்வாறாயினும், அப்பண்டத்தின் பெயர் எழுத்திலே முதன்முதல் காணப்படுவது 1762ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி, சரித்திராசிரியர் எட்வேர்ட் கிப்பன் தம் நாட்குறிப்பில் எழுதிய பகுதியிலாகும். லண்டனிலுள்ள ஒரு கழகத்திலே, நாட்டின் பெருமக்கள் பலர் சிறு மேசைகளில் அமர்ந்து இதனை உண்டதை அவர் கண்டு எழுதினார். இன்று மாணவர் உண்ணும் பண்டம் அன்று சீமான்களின் இராச்சாப்பாடாயிருந்தது.

இப்பிரபுவின் பெயரைக் கப்பலோட்டியான ஜேம்ஸ் குக் என்பவர் 1778ஆம் ஆண்டு பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுக்கும் இட்டார். நெடுங்காலம் அவை ‘சாண்ட்விச் தீவுகள்’ என்றே வழங்கின. இங்கேதான் நமக்கு ஒரு தொடர்பு உண்டாகிறது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் சங்கம் அனுப்பிய தொண்டர்கள் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கு வந்து சேர்ந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதே சங்கத்தின் தொண்டர்கள் சாண்ட்விச் தீவுகளிற் சென்று இறங்கினார்கள். ஆகவே இப்பண்டத்தை நம் முன்னோர் சுவைத்துப் பார்ப்பதற்கு முன்னரே, மானிப்பாயிலும் வட்டுக்கோட்டையிலும் இருந்த அமெரிக்கருக்கு அப்பெயர் தங்கள் சகோதர மிஷன் ஒன்றின் பெயராகப் பழகியிருந்தது.

பெயரும் தமிழும்

இதற்கொரு தமிழ்ப் பெயர் வேண்டாமா என்று மாணவர் கேட்கலாம். மானிப்பாய்க்காரருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 1842ஆம் ஆண்டு மானிப்பாய் அகராதி வெளிவந்தது இவ்வூரின் அச்சுக்கூடத்திலிருந்து அல்லவா? 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, தமிழிலே நூல்களையும் வெளியிட்டார். தமிழ்ச் சொல் கிடைத்த இடத்தில் தமிழ்ச் சொல்லையே அவர் கையாண்டார். கிடையாத இடத்தில் பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் உடை உடுத்தி ஏற்றுக்கொண்டார். இரசாயன நூலுக்கு அவர் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டது இதற்கு நல்ல உதாரணம். அந்நூல் 1875இல் வெளிவந்தது.

பாண் விஷயத்திலும் இரு வழிகளும் நடந்திருக்கின்றன. ‘பாண்’ என்பது போர்த்துக்கேயச் சொல். அவர்கள் 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண இராச்சியத்தைத் தம் ஆட்சிக்குட் கொண்டுவந்தார்கள். 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடம் அதனை இழந்து போனார்கள். நாற்பது ஆண்டுகளுள் அவர்கள் ஆட்சி முடிந்தது. அவர்கள் தந்த சொற்களோ நாநூறு ஆண்டுகளாக நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. அலுமாரி, மேசை, குசினி, வாங்கு, பாண் என்று நாள்தோறும் அவற்றை உச்சரிக்கிறோம். மும்பாயில் ‘வடா பாவ்’ என்னும் பண்டத்திலுள்ள ‘பாவ்’ என்பதும் இதே சொல்லின் மற்றொரு வடிவமே. மறுபுறத்தில், பாண் சுடுகின்ற இடத்திற்கு ‘வெதுப்பகம்’ என்ற அழகிய தமிழ்ச் சொல் யாழ்ப்பாணத்தில் வழக்கிற்கு வந்து, பெயர்ப் பலகைகளிலும் ஏறிவிட்டது. சாண்ட்விச் என்ற சொல் அப்படியே நிலைக்குமோ, ஒரு தமிழ்ப் பெயரைப் பெறுமோ, அதை உண்பவர்களின் நாவே தீர்மானிக்கட்டும்.

கோதுமை வந்த வழி

பெயரை விட முக்கியமானது மாவின் கதை. இலங்கையின் வயல்களில் கோதுமை விளைவதில்லை என்றே சொல்லவேண்டும். நாம் உண்ணும் பாணின் ஒவ்வொரு துண்டும் கப்பலேறி வந்தது. முற்காலத்தில் அந்த மாவைப் புளிக்கவைப்பதற்கு மாத்திரம் நம் மண்ணின் பொருளொன்று உதவியது. அப்பத்துக்குப் போலவே பாணுக்கும் கள்ளை விட்டுப் பிசைவது இலங்கையிற் பழைய வழக்கம்.

பாண் பரங்கியர் உணவாகவும் நோயாளர் உணவாகவும் இருந்த நிலை மாறி, வீடு தோறும் நுழைந்ததற்குப் பெருங் காரணம் இரண்டாம் உலக யுத்தம். 1942ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசிக்குப் பங்கீடு ஏற்பட்டது. குறையை நிரப்பக் கோதுமை மா வழங்கப்பட்டது. சோற்றைத் தவிர வேறொன்றை உணவென மதியாத குடும்பங்களும் அக்காலத்தில்தான் கோதுமை மாவைப் பிட்டாகவும் ரொட்டியாகவும் பாணாகவும் உண்ணப் பழகின.

பழகிய பின்னர், அதுவும் இல்லாத காலங்கள் வந்தன. 1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், நாடெங்கும் விடியற்காலையிலேயே பாணுக்கு வரிசைகள் நின்றன. அதே கட்டுப்பாட்டினால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராது நின்றமையால், குடாநாட்டுத் தோட்டக்காரர் நல்ல விலை கண்டார்கள் என்பதும் உண்மை. கொழும்பிலே பாணுக்கு வரிசை. யாழ்ப்பாணத்திலே புதிய கல்வீடு என்று அக்காலத்தைச் சொல்லலாம்.

பின்னர் நேர்ந்தவை அவ்வாறு இருபக்கமும் பார்க்கத் தக்கவையல்ல. 1990ஆம் ஆண்டிலிருந்து பொருளாதாரத் தடையினால் குடாநாட்டுக்கு மாவும் எரிபொருளும் அரிதாகவே வந்தன. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஏ-9 வீதி மூடப்பட்டபோதும், கப்பல் வந்தால் உணவு, வராவிட்டால் பட்டினி என்ற நிலை மீண்டும் உண்டாயிற்று. அந்நாட்களில் ஒரு றாத்தல் பாணை ஆறு பேருக்குப் பங்கிட்ட தாய்மார் இன்றும் நம்மிடையே வாழ்கின்றார்கள். மரவள்ளிக்கிழங்கும் ஒடியல்மாவும் முருங்கையிலையும் அன்று நம்மைக் காப்பாற்றின. 2022ஆம் ஆண்டு நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது, பாண் விலை ஏறிய வேகத்தை மாணவரும் தம் கண்ணாற் கண்டனர். தட்டில் மீதியாய் விடப்பட்ட பாண் விளிம்பைக் கண்டு பாட்டி முகம் சுளிப்பாளேயானால், அது கஞ்சத்தனத்தினால் அன்று என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும்.

கடையிலே கண்டது

அண்மையிற் பட்டினத்துக்குச் சென்றிருந்தபோது, பல்கலைக்கழகத்திற் படிக்கும் என் பெறாமகள் என்னை ஓர் உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்றாள். ஆடம்பரமான இடமன்று. ஆறேழு மேசைகள், சுவரிலே மின்விசிறி, வாசலிலே சைக்கிள்களும் மோட்டார்ச் சைக்கிள்களும். சாண்ட்விச் இரண்டு கொண்டுவரும்படி அவளே பரிசாரகரிடம் சொன்னாள்.

வந்த பண்டத்தின் உயரம் என்னைச் சிறிது திகைக்கவைத்தது. நெருப்பில் வாட்டிய அச்சுப்பாண் துண்டுகள் மூன்று. முதலாம் தட்டில் கோழியிறைச்சி. இரண்டாம் தட்டில் பொரித்த முட்டை, தக்காளி, வெங்காயம், பாற்கட்டி. அடுக்கு சரியாதிருக்க ஒரு மரக்குச்சி குத்தப்பட்டிருந்தது. பக்கத்திலே பொரித்த உருளைக்கிழங்கு.

“பெரியப்பா, கரண்டியைத் தேடாதையுங்கோ. ரெண்டு கையாலும் அமத்திப் பிடிச்சுக் கடியுங்கோ!” என்றாள் அவள்.

அவ்வாறே செய்தேன். பாண் நன்றாக வாட்டப்பட்டிருந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. கோழியிறைச்சி வெந்த பதமும் சரி. உள்ளே பூசியிருந்த வெண்ணிறக் குழம்பு மாத்திரம் இனிப்புமன்றிப் புளிப்புமன்றி நின்றது. உறைப்புக்குப் பழகிய நாவிற்கு ஏதோவொன்று குறைவாய்த் தோன்றியது. பெறாமகள் சிரித்துக்கொண்டே பரிசாரகரை அழைத்து, “அண்ணை, கொஞ்சம் கட்டைச்சம்பல் இருக்கோ?” என்று கேட்டாள். சிறிய கிண்ணத்தில் அது வந்தது. பாணைத் திறந்து அதில் ஒரு கரண்டி பரப்பியதும், பண்டம் முழுவதும் உயிர்பெற்றது போலாயிற்று. அடுத்த மேசையில் இருந்த இளைஞர்களும் சம்பல் கேட்டு வாங்கியதைக் கண்டேன். அந்த அடுக்கு ஒன்று எனக்கு மத்தியானச் சாப்பாடாகவே போதுமாயிருந்தது.

விலை, ஒரு சிறு குடும்பத்தின் காலையுணவுக்குரிய பாணும் பருப்பும் வாங்கப் போதுமானதுதான். மூத்தோர் கேட்கும் கேள்வி அவ்வளவில் உண்மையே. ஆயினும் நாம் விலை கொடுப்பது பாணுக்கு மாத்திரமா என்பதையும் சிந்திக்கவேண்டும்.

மேசையில் அமரும் உரிமை

அச்சாலையிலே அன்று அமர்ந்திருந்தவர் யார் யாரென்று எவரும் கேட்கவில்லை. ஆணும் பெண்ணும், பல ஊரவரும் அருகருகே இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரேவிதமான கோப்பையிலே தேநீர் வந்தது. இளைஞருக்கு இது பேசத்தக்க விஷயமாகவே தோன்றாது. ஆனால் இதே யாழ்ப்பாணத்திலே, தேநீர்க் கடையின் வாங்கில் அமரும் உரிமை ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மறுக்கப்பட்ட காலம் நெடுந்தூரத்தில் இல்லை. காசு கொடுத்தும், அவர்கள் கடையின் வெளியே நின்று தகரப் பேணியிலோ சிரட்டையிலோ தேநீரை வாங்கிக் குடிக்கவேண்டியிருந்தது. பொதுவிடங்களில் இவ்வாறு தடைசெய்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டு நிறைவேறிற்று. சட்டம் வந்தவுடன் வாசல் திறந்துவிடவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையாரும், பின்னர் 1960களில் தீண்டாமை ஒழிப்பு இயக்கத்தவரும் தேநீர்க் கடைப் பிரவேசம் செய்து, அடியும் உதையும் பட்டே அந்த வாங்குகளில் இடம் பெற்றார்கள். உயிரிழந்தோரும் உண்டு.

கடல் கடந்த நாட்டிலும் இதற்கு இணையான கதையொன்று இருக்கிறது. 1860ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக எண்ணற்ற தமிழர் சென்றார்கள். அவர்களுடைய சந்ததியார் வாழும் டர்பன் நகரத்தின் புகழ்பெற்ற உணவு ‘பன்னி சௌ’ என்பது. பாணின் உட்பகுதியைக் குடைந்தெடுத்துவிட்டு, அந்தக் குழியிலே சுடச்சுடக் கறியை நிரப்பிக் கொடுப்பார்கள். தோண்டியெடுத்த பாணே மூடியாகும். தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். நிறவேற்றுமை நிலவிய அந்நாட்டில், உணவுச்சாலைக்குள்ளே அமர இடமில்லாதவர்கள் வெளியே எடுத்துச்சென்று உண்பதற்காகவே இது உண்டாயிற்று என்று அங்குள்ளோர் சொல்லுகிறார்கள்.

லண்டனிலே மேசையை விட்டு எழ மனமில்லாத பிரபுவுக்காகப் பாண் அடுக்கப்பட்டது. டர்பனிலே மேசையருகே செல்ல விடப்படாத மனிதனுக்காகப் பாண் குடையப்பட்டது. நம் பிள்ளைகள் பட்டினத்து உணவுச்சாலையிற் சர்வசாதாரணமாக அமர்ந்து உண்ணும்போது, அந்த ‘சர்வசாதாரணம்’ எவ்வளவு விலைகொடுத்துப் பெறப்பட்டது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லவேண்டும். அதற்குரிய இடம் பாடநூல் மாத்திரமன்று. வீட்டுச் சாப்பாட்டு மேசையும்தான்.

வீட்டிலே செய்யும் முறை

இனி, தாய்மாருக்குப் பயன்படும் சில குறிப்புகள். சாண்ட்விச்சின் சிறப்பு பாணில் இல்லை. நடுவே வைப்பதில்தான் இருக்கிறது. வியட்நாமியர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பாணைப் பெற்று, அதனுள்ளே தங்கள் முள்ளங்கி ஊறுகாயையும் கொத்தமல்லியிலையையும் மிளகாயையும் வைத்து அதைத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். மும்பாய் மக்கள் உருளைக்கிழங்கு வடையை வைத்தார்கள். நம் வீட்டில் வைப்பதற்கா பொருள் இல்லை?

அச்சுப்பாணை விரற்கடை அளவுக்கு மேற்படாமல் வெட்டி, தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டிக்கொள்ளுங்கள். ஆறியபின் உட்புறத்தில் வெண்ணெயை மெல்லியதாய்ப் பூசுங்கள். இது சுவைக்காக மாத்திரமன்று. கறியின் ஈரம் பாணில் ஊறாமல் தடுப்பதும் வெண்ணெயே. தக்காளி, வெள்ளரி முதலியவற்றை வெட்டி, உப்புத் தூவிச் சிறிதுநேரம் வைத்து, நீர் வடிந்த பின்னர் அடுக்கவேண்டும்.

உருளைக்கிழங்குப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரியல், அவித்து மசித்த கடலை, முட்டையுடன் வறுத்த முருங்கையிலை, முள் நீக்கிய மீன் பொரியல் ஆகிய எதுவும் பொருந்தும். வெள்ளைப் பாணிலே நார்ச்சத்துக் குறைவு, மாச்சத்தே மிகுதி. நடுவிலே கீரையும் முட்டையும் கடலையும் சேரும்போதுதான் அது வளரும் பிள்ளைக்கு ஏற்ற உணவாகிறது. ஒரு கோழி முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. நீரிழிவுள்ள மூத்தோர் பாணைக் குறைத்து நடுப்பொருளைக் கூட்டிக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை. பாடசாலைக்குக் கட்டிக்கொடுப்பதாயின் பச்சைத் தேங்காய்ச் சம்பலை வைக்கவேண்டாம்; நம் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். செத்தல் மிளகாயும் வெங்காயமும் வதக்கி இடித்த சம்பலே உகந்தது. பச்சை முட்டையால் ஆக்கும் வெண்ணிறக் குழம்பையும் குளிர்ப்பெட்டியில்லாத இடத்தில் தவிர்க்கவேண்டும். வெட்டிய பாண் விளிம்புகளை எறிந்துவிடாமல் காயவைத்து இடித்தால், மீன் ரோலுக்கும் கட்லட்டுக்கும் வேண்டிய தூள் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

மூத்தோர் கேட்ட கேள்விக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான். மாதத்தில் ஒருநாள் பிள்ளைகள் நண்பருடன் கடையில் அமர்ந்து உண்ணட்டும்; அதில் குறையில்லை. மற்றைய நாட்களில் நம் தோட்டத்துக் கத்தரிக்காயும் முற்றத்து முருங்கையிலையும் அந்தப் பாணின் நடுவே ஏறட்டும். கப்பலில் வந்த மா எவ்வளவு, நம் மண்ணில் விளைந்தது எவ்வளவு என்று உண்ணும்போதே கணக்கிட்டுப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு, எந்தக் கறி பாணுக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது என்பதை எழுதுவீர்களாயின், மற்றைய வீட்டாருக்கும் அது உபயோகமாகும்.